காற்றேறிய சக்கரம்: பாகூர் வட்டாரத்து வண்டிகளும் டயர் அழுத்தமும்

புதுச்சேரிப் பகுதியின் தென்கோடியில், தென்பெண்ணையாற்றின் வடகரையை ஒட்டிப் பரந்துள்ள பாகூர் கொம்யூன் நெல்லும் கரும்பும் விளையும் நன்செய்ப் பூமியாகும். கொம்யூன் என்பது 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சி ஏற்படுத்திய உள்ளாட்சிப் பிரிவு. ஆட்சி மாறியும் பெயர் மாறாமல் அரசு ஆவணங்களில் இன்றும் வழங்கிவருகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் தென்பெண்ணையின் நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவர, அந்த ஏரியை நம்பி அமைந்த ஊர்களின் வரிசையில், கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த ஊராகத் தமிழ் வாசகர் பலரும் அறிந்த சேலியமேடும் ஒன்று. களிமண் கலந்த வயல், ஏரிக்கரை, வரப்பை ஒட்டிய மண்பாதை, அதன் முடிவில் கப்பிச் சாலை என நிலம் சிறிது தொலைவுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும் இவ்வட்டாரத்தில், பாரம் சுமக்கும் இருசக்கர வண்டி கடந்த ஒன்றரை நூற்றாண்டில் மூன்று வடிவங்களை எடுத்தது. மரச்சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டை பூட்டிய கட்டை வண்டி முதலாவது. காற்றடைத்த ரப்பர் டயர் பூட்டிய டயர் வண்டி இரண்டாவது. பவர் டில்லர் அல்லது சிறு டிராக்டரின் பின்னால் இழுபடும் டிரெய்லர் மூன்றாவது. எவ்வளவு பாரத்தை, எத்தகைய தரையின் மீது, எவ்வளவு இறுக்கமான சக்கரத்தால் தாங்குவது என்ற கேள்வி மூன்றுக்கும் பொதுவானது. முதல் வண்டியில் அக்கேள்விக்குத் தச்சரும் கொல்லரும் பட்டறையில் ஒரே முறையாக விடை கண்டுவிட்டனர். மற்ற இரண்டில் விடை டயருக்குள் அடைக்கும் காற்றின் அளவாக மாறி, பாரம் மாறுந்தோறும் புதிதாகத் தீர்மானிக்கப்பட வேண்டியதாயிற்று. சக்கரத்தை மாற்றுவதற்குப் பாடுபட்ட பொறியாளர்களும் நிறுவனங்களும் இந்தப் பொறுப்பு கைமாறியதைப் பெரிதாகக் கவனித்ததாகத் தோன்றவில்லை. அதனால் காற்றின் அளவைத் தீர்மானிக்கும் அறிவு பெரும்பாலும் பஞ்சர் கடைகளிலேயே வளர்ந்தது.

கட்டை வண்டியின் சக்கரம் நான்கு உறுப்புகளால் ஆனது. நடுவே அச்சு நுழையும் உருண்டைக் கட்டையைக் குடம் என்பர். குடத்தில் செருகிய ஆரக்கால்கள் வெளிவட்டத்தைத் தாங்கும். அந்த வெளிவட்டம் வட்டை எனப்படும் வளைந்த மரத்துண்டுகளைப் பொருத்தி அமைக்கப்படும். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பது இரும்புப் பட்டை. பொதுவாக 12 ஆரக்கால்களுக்கு 6 வட்டைகள் என்பது கணக்கு, அதாவது ஒவ்வொரு வட்டையும் இரண்டு ஆரக்கால்களின் தலையில் அமரும். பட்டை கட்டும் வேலை சக்கரத் தொழிலின் உச்சம். மரவட்டத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக அடித்துச் சேர்த்த இரும்பு வளையத்தை, சுற்றிலும் வரட்டி அடுக்கி மூட்டிய தீயில் பழுக்கக் காய்ச்சி, இருவரோ மூவரோ குறடுகளால் தூக்கிவந்து மரத்தின் மேல் இறக்கிச் சம்மட்டியால் அடித்து உட்கார்த்துவர். மரம் புகைந்து தீப்பற்றத் தொடங்கும் நொடியில் குடங்குடமாகத் தண்ணீரைக் கொட்ட, இரும்பு சுருங்கி வட்டைகளின் இணைப்புகளையும் ஆரக்கால்களின் வேர்களையும் குடத்தை நோக்கி நெரித்துக்கொள்ளும். பட்டை பெரிதாகிவிட்டால் கோடையில் மரம் காய்ந்ததும் கழன்றுவிடும். சிறிதாகிவிட்டால் ஆரக்கால்கள் வளைந்து சக்கரம் கோணும். எத்தனை விரற்கடை குறைக்க வேண்டும் என்பதை மரத்தின் ஈரத்தையும் இரும்பின் கனத்தையும் பார்த்துக் கொல்லர் முடிவுசெய்தார். வண்டி என்ன பாரம் இழுக்கும், எந்த வழியே போகும் என்பன அப்போதே கணக்கில் சேர்ந்துவிட்டதால், வண்டிக்காரருக்கு மிஞ்சிய வேலை அச்சுக்கு மசகு இடுவதும், கடையாணி கழலாமல் பார்த்துக்கொள்வதும், முன்பாரம் பின்பாரம் ஒத்துப்போகும்படி மூட்டைகளை அடுக்குவதுமே.

அச்சு முறிவதே அக்காலத்து வண்டியின் பெரும் அச்சம் என்பதற்குப் பழைய சான்று உண்டு. உப்பு வணிகரான உமணர் மாற்று அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு சென்றதைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் பதிவு செய்கிறது. நெய்தல் உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிச்சென்ற அந்த வணிகர்களை நினைக்கும்போது, இன்றைய லாரியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கு ஈராயிரம் ஆண்டுப் பாட்டன் ஒருவன் இருந்தான் என்பது தெரிகிறது. ஆனால் அவன் சக்கரமாக இல்லை, அச்சாக இருந்தான். இறுகிய மரமும் இரும்பும் கொண்ட சக்கரம் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளாமல் அச்சுக்குக் கடத்தியதே இதற்குக் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய வண்டிகளுக்கு இவ்வட்டாரத்தில் பெரும் வேலை கிடைத்தது. தென்னார்க்காட்டு மாவட்டத்தில் விளைந்த நிலக்கடலை எண்ணெய் பிழிவதற்காகப் புதுச்சேரித் துறைமுகம் வழியே பிரான்சின் மார்செய் நகருக்குக் கப்பலேறியது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின்னரும், காட்டிலிருந்து நிலையத்துக்கும் கிடங்குக்கும் கடலையைக் கொண்டுசேர்த்தவை மாட்டுவண்டிகளே. பிரெஞ்சு எல்லையும் ஆங்கிலேயர் எல்லையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து கிடந்தமையால் சில மைல் போவதற்குள் வண்டி சுங்கச் சாவடிகளைக் கடக்க நேர்ந்தது. நகரத்துக்குள் நல்ல சாலைகளில் ஆள் தள்ளிச்செல்லும் புஷ்புஷ் என்னும் இலகுவான பயணவண்டி ஓடிக்கொண்டிருக்க, அதே சாலையின் மறுமுனையில் கட்டை வண்டியின் பட்டை கப்பிக் கற்களைப் பொடியாக்கிக்கொண்டிருந்தது.

பொடியாக்கியது எவ்வாறு என்பதை எளிய கணக்கால் காணலாம். வண்டியின் சொந்த எடை 350 கிலோவும் பாரம் 750 கிலோவும் எனக் கொண்டால், ஒவ்வொரு சக்கரமும் 550 கிலோவைத் தாங்குகிறது. 5 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை கெட்டியான சாலையைத் தொடும் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் என்று வைத்தால், தொடும் பரப்பு 12.5 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 44 கிலோ இறங்குகிறது. டயர் கடைகளில் வழங்கும் அளவைப்படி சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று சொன்னால் இது 620 பவுண்டைத் தாண்டும். பட்டையின் ஓரம் தேய்ந்து வட்டமானாலோ, சக்கரம் சாய்ந்து ஒரு விளிம்பில் மட்டும் ஓடினாலோ இந்த அழுத்தம் இன்னும் பன்மடங்காகும்.

காற்றைச் சக்கரத்துக்குள் அடைக்கும் எண்ணம் வேறொரு உலகத்தில் பிறந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரைவண்டிகளுக்காகவே அவர் அதைக் கருதினார் என்பது குறிப்பிடத்தக்கது. சைக்கிள் இல்லாத காலத்தில் அது எடுபடாமல் மறக்கப்பட, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் அதைத் தனியாக மீண்டும் கண்டறிந்தார். பிரான்சின் மிஷ்லேன் சகோதரர்கள் 1891இல் எளிதில் கழற்றிப் பூட்டத்தக்க டயரை உருவாக்கி, 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். தொடக்ககால மோட்டார் டயர்கள் குறுகலானவை, அதனால் மிகுந்த அழுத்தத்தில் காற்றடைக்க வேண்டியவை. அகன்ற உடலும் குறைந்த அழுத்தமும் கொண்ட டயரை மிஷ்லேன் நிறுவனம் 1923இல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோதுதான், காற்றைக் குறைத்தால் பயணம் இதமாகும் என்ற செய்தி பரவலாயிற்று. அந்த டயர்களுக்கு வேண்டிய ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றது. மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்களில் பெருந்தொகையினர் தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் வழியே நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். ஊரில் கட்டை வண்டி ஓட்டிய குடும்பத்தின் மற்றொரு கிளை கடலுக்கு அப்பால் உலகத்து டயர்களுக்குப் பால்வெட்டிய காலம் அது.

இந்தியாவில் டயரை மாட்டுவண்டியோடு சேர்த்துப் பேசத் தொடங்கியவர்கள் சாலைப் பொறியாளர்கள். மோட்டார் வண்டிகள் பெருகியதையொட்டி 1927இல் அமைக்கப்பட்ட ஜயகர் குழுவின் பரிந்துரைப்படி சாலை நிதியும், 1934இல் இந்தியச் சாலைப் பேராயமும் தோன்றின. இரும்புப் பட்டையால் சாலைக்கு நேரும் சேதம் அப்பேராயத்தின் நிலையான கவலைகளுள் ஒன்றாக இருந்தது. சக்கரம் பதியும் இரண்டு தடங்களில் மட்டும் சிமென்ட் கான்கிரீட் பட்டைகளைப் பதித்து நடுவே மண்ணை விட்டுவிடும் சோதனைகளும் நடந்தன. சாலையைச் சக்கரத்துக்கேற்ப மாற்றுவதைவிடச் சக்கரத்தைச் சாலைக்கேற்ப மாற்றுவது மலிவு என்ற வாதம் மெல்ல வலுத்தது. டன்லப் நிறுவனம் 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் தொழிற்சாலை திறந்து இந்தியாவிலேயே டயர் செய்யத் தொடங்கியதும், மாட்டுவண்டிக்கென்று தனி டயரையும் அச்சையும் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இச்சூழலில் நிகழ்ந்தவை. 1942இல் சிங்கப்பூரும் மலாயாவும் ஜப்பானியர் கைக்குப் போனபோது ரப்பர் வரத்து அறுந்து, டயர் கட்டுப்பாட்டுப் பொருளாகிவிட, மாட்டுக்கு டயர் என்ற பேச்சுக்கே இடமில்லாமற் போயிற்று. சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டன்லப்பின் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர் உற்பத்தியும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பின்னரே தமிழகத்துக் கிராமங்களுக்கு டயர் கைக்கெட்டும் பொருளானது. புதுச்சேரி 1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்து, சுங்கச் சாவடிகள் அகன்றதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

காற்றடைத்த டயர் பாரத்தைத் தாங்கும் முறை பட்டையின் முறைக்கு நேர்மாறானது. பட்டை தன் உறுதியால் தாங்குகிறது. டயரின் ரப்பரும் நூலடுக்கும் காற்றைச் சிதறாமல் பிடித்துவைக்கும் பையாக மட்டும் இருக்க, பாரத்தைச் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்று. ஆகவே தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழச் சக்கரத்தின் பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்த அளவாக அமையும். டயர் வண்டி ஒன்றின் எடை 400 கிலோ, பாரம் 1,200 கிலோ எனக் கொண்டால், ஒவ்வொரு சக்கரத்திலும் 800 கிலோ. டயரில் 50 பவுண்டு காற்று, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரைக் கிலோ இருந்தால், டயர் சப்பி ஏறக்குறைய 230 சதுர சென்டிமீட்டர் நிலத்தில் படியும். பதினைந்து சென்டிமீட்டர் நீள அகலமுள்ள ஒரு சதுரம் அது. முன்பு கண்ட பட்டையின் தடத்தைப் போலப் பதினெட்டு மடங்கு. சாலைக்கு இறங்கும் அழுத்தம் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. ஆனால் அதே வண்டி பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சக்கரத்துக்கு 200 கிலோதான். காற்று அதே 50 பவுண்டாகவே இருப்பதால் படியும் இடம் 57 சதுர சென்டிமீட்டராக, ஓர் உள்ளங்கையை விடவும் சிறிதாகச் சுருங்கிவிடும். டயர் கல்போல் விறைத்து, மேடுபள்ளத்தில் வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடும். வில் எனப்படும் ஸ்பிரிங் தகடுகள் இல்லாத வண்டியில் அதிர்வைத் தாங்கக்கூடிய உறுப்பு டயருக்குள் இருக்கும் காற்று ஒன்றே என்பதால், காற்று மிகுந்தால் வண்டி வில்லையும் இழந்துவிடுகிறது. வெற்றுவண்டி ஓட்டிச் செல்பவரின் முதுகு இதை எந்தக் கருவியையும் விடத் துல்லியமாக அளந்தது.

மாடுகள் இதை வேறு விதமாக அறிந்தன. ஒரு ஜோடி எருதுகள் நாள் முழுவதும் தளராமல் இழுக்கத்தக்க விசை அவற்றின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவினது என்பது வேளாண் பொறியியலின் பொதுக் கணக்கு. 350 கிலோ எடையுள்ள இரு மாடுகளுக்கு அது 70 கிலோ. மேற்சொன்ன 1,600 கிலோ வண்டியை நல்ல தார்ச்சாலையில் உருட்டுவதற்கு 30 முதல் 40 கிலோ விசை போதும். அதே வண்டி அறுவடை முடிந்து ஈரம் காயாத வயலில் இறங்கினால் தேவைப்படும் விசை 160 கிலோவையும் தாண்டிவிடும். விறைத்த டயர் மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கிப் பள்ளத்திலிருந்து தானே ஏற முயல்வதுபோல் ஓயாமல் உழைக்கும். காற்றைக் குறைத்த டயரோ அகன்று படிந்து மேலே மிதக்கும். சாலையில் நிலைமை தலைகீழ். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்து நிமிர்வதில் மாட்டின் உழைப்பைத் தின்றுவிடும். வயலில் தொடங்கிச் சாலையில் முடியும் ஒரே நடைக்கு இரண்டு வகையான அழுத்தம் தேவைப்படுகிறது என்பதே பாகூர் போன்ற நன்செய் வட்டாரத்தின் சிக்கல். ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற பட்டங்கள் அடுத்தடுத்து வரும் ஊரில் ஏதாவதொரு வயல் எப்போதும் ஈரமாகவே இருக்கும். நடையின் நடுவில் காற்றிறக்கி மீண்டும் ஏற்றுவது கைப்பம்பு வைத்திருந்தவருக்குக் கூட நடைமுறையில் ஆகாத காரியமாதலால், சாலைக்கு ஏற்ற காற்றை வைத்துக்கொண்டு, வயலுக்குள் பாரத்தைப் பாதியாக ஏற்றி வெளியே கொண்டுவந்து சேர்க்கும் பழைய வழியே நீடித்தது. குற்றம் சொல்ல முடியாத தீர்வு அது: அழுத்தத்தை மாற்ற இயலாதபோது பாரத்தை மாற்றுவதும் கணக்கின்படி சரியே.

இரு டயர்களுக்கும் காற்று ஒத்திருக்க வேண்டும் என்பது மாட்டுவண்டியில் கூடுதல் பொருள் கொண்டது. ஒரு பக்கம் காற்று இறங்கினால் அந்தச் சக்கரம் பின்தங்கி இழுக்க, வண்டி அப்பக்கம் திரும்பப் பார்க்கும். அந்தத் திருப்பம் ஏர்க்கால் வழியே நுகத்தடிக்குப் போய், ஒரு மாட்டின் கழுத்தை ஓயாமல் பக்கவாட்டில் அழுத்தும். கழுத்துப் புண்ணுக்கு நுகத்தடியையே குறைகூறும் வழக்கம் இருப்பினும், அரைகுறைக் காற்றுள்ள டயரும் அதற்குக் காரணமாகக்கூடும். டயர் வண்டிக்கு வேறொரு பகையும் இருந்தது. கட்டை வண்டி கருவேல முள்ளை நசுக்கிவிட்டுப் போகும். டயர் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். வேலியிலும் ஏரிக்கரையிலும் சீமைக் கருவேலம் மண்டிய பின்னர், பஞ்சர் ஒட்டுபவர் இல்லாத ஊரில் டயர் வண்டி வைத்திருப்பது வீண்தொல்லை என்னும் நிலை ஏற்பட்டது.

சக்கரத்தின் பொறுப்பு தச்சுப் பட்டறையிலிருந்து பஞ்சர் கடைக்கு மாறியது இவ்வாறுதான். சைக்கிள் கடையாகத் தொடங்கிய இடங்களில் வால் டியூப் மாட்டிய சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்துப் பழகிய கைகள், மோட்டார் வால்வு கொண்ட பெரிய டயரையும் கையாளக் கற்றன. அழுத்தமானி இல்லாத காலத்தில் கட்டைவிரலால் பக்கச்சுவரை அமுக்கிப் பார்த்தும், இரும்புக் கம்பியால் தட்டி ஒலி கேட்டும் காற்றை மதிப்பிட்டனர். விரலும் ஒலியும் ஒரு டயர் மற்றொன்றைவிடக் குறைவாக இருப்பதைக் காட்டிக்கொடுக்குமே தவிர, எண்ணைச் சொல்லமாட்டா. மேலும், கிராமத்து வண்டியில் பூட்டப்பட்டவை பெரும்பாலும் புத்தம்புது மாட்டுவண்டி டயர்கள் அல்ல. கார், ஜீப், லாரியில் ஓடித் தேய்ந்து கழிக்கப்பட்டவையும் மறுரப்பர் போட்டவையுமே மலிவாகக் கிடைத்தன. அவற்றின் பக்கச்சுவரில் பொறித்திருந்த எழுத்துகள் வேறொரு வாகனத்துக்கு உரியவை. பிளை என்ற எண் முற்காலத்தில் டயருக்குள் இருந்த பருத்தி நூலடுக்குகளின் எண்ணிக்கையைக் குறித்தது. நைலான் வந்த பின்னர் அத்தனை பருத்தி அடுக்குகளுக்கு நிகரான வலிமை என்ற பொருளில் மட்டும் வழங்குகிறது. பவுண்டுக் கணக்கில் பொறித்துள்ள அழுத்தம், டயர் தாங்கக்கூடிய பெரும பாரத்துக்கு உரிய அழுத்தத்தையே குறிக்கிறது. அந்த எண்ணை எப்போதும் அடைக்க வேண்டிய அளவாகக் கொள்வது பரவலான பிழை. இலகுவான வண்டிகளில் காணும் துள்ளலுக்கும், நடுப்பகுதி மட்டும் மழுங்கத் தேயும் டயர்களுக்கும் அதுவே முதற் காரணம்.

ஓடித் தேய்ந்த கார் டயர் தன் அளவுக்கு மீறிய பாரத்தை மாட்டுவண்டியில் தாங்கியதற்கு விளக்கம் வேகத்தில் இருக்கிறது. டயரைக் கொல்வது வெப்பம். பக்கச்சுவர் நெளிவதால் பிறக்கும் வெப்பம் வேகத்தோடு ஏறும். மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடக்கும் மாட்டின் பின்னால் உருளும் டயர் சூடேற நேரமே இல்லை. மெல்ல ஓடும் வண்டிக்குக் கூடுதல் பாரத்தைத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளே அனுமதிக்கின்றன. இவ்வகையில் மாட்டின் நடை, டயரில் நிகழும் பிழைகளையெல்லாம் மன்னித்துக்கொண்டிருந்தது எனலாம்.

மாட்டுவண்டியை நாட்டுப் பிரச்சினையாக எடுத்துப் பேசியவர்களுள் தலையாயவர் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என்.எஸ்.ராமசாமி. நாட்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மாட்டுவண்டிகள் இருப்பதாகவும், அவற்றில் முடங்கியுள்ள முதலீடும் அவை சுமக்கும் சரக்கும் ரயில்வேயோடு ஒப்பிடத்தக்கவை என்றும் 1970களில் அவர் எடுத்துரைத்தார்; பின்னர் கார்ட்மேன் என்னும் அமைப்பையும் தோற்றுவித்தார். காற்றடைத்த டயர், உருளைத் தாங்கிகள் கொண்ட அச்சு, மாட்டின் கழுத்தை வருத்தாத நுகத்தடி, தடைக்கட்டை ஆகியவை அவருடைய சீர்திருத்தத்தின் உறுப்புகள். சீர்திருத்தம் விலங்கின் துன்பத்தைக் குறைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. கரும்பு ஏற்றும் வண்டிகளில் நடந்தது வேறு. டயர் பூட்டியதால் வண்டி எளிதாக உருள, அந்த எளிமை மாட்டுக்குப் போய்ச் சேராமல் கூடுதல் கட்டுகளாக வண்டியின் மேல் ஏறியது. நெல்லிக்குப்பம் ஆலைக்குச் செல்லும் கடலூர்ச் சாலைகளிலும், தென்பெண்ணையிலிருந்து மணல் ஏற்றிவரும் தடங்களிலும், கட்டை வண்டியின் அச்சு தாங்கியிராத பாரங்கள் டயர் வண்டிக்கு அன்றாடமாயின. பாரத்தின் எல்லையை முறியக்கூடிய மர அச்சு வலியுறுத்தியது. காற்றோ கேட்டதற்கெல்லாம் இன்னும் பத்துப் பவுண்டு ஏற்றிக்கொண்டு இசைந்தது.

டிராக்டரிலும் பவர் டில்லரிலும் இந்த இசைவு முடிவுக்கு வந்தது. டிராக்டருக்குக் காற்றடைத்த டயர் அமெரிக்காவில் 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தின் முயற்சியால், விமான டயர்களை மிகக் குறைந்த அழுத்தத்தில் பூட்டிப் பார்த்ததிலிருந்து தொடங்குகிறது. சேற்று உழவுக்கு ஏற்ற பவர் டில்லர், நடந்து ஓட்டும் இருசக்கர உழவு எந்திரம். ஜப்பானிய வடிவமைப்பைக் கொண்டு பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் 1967இல் தொடங்கி அதைத் தென்னிந்தியாவில் பரப்பியது. உழவு இல்லாத நாட்களில் அதன் பின்னால் சிறு டிரெய்லர் ஒன்றை மாட்டி எரு, நாற்று, நெல்மூட்டை, தீவனம் எல்லாவற்றையும் ஏற்றுவது நெல்வட்டாரங்களின் பழக்கமாயிற்று. இந்த டிரெய்லர்களில் பல உள்ளூர் வெல்டிங் பட்டறைகளில் பிறந்தவை. மாட்டைப் போல் நான்கு மடங்கு வேகம், டிராக்டரானால் ஆறேழு மடங்கு வேகம் வந்துவிட்டதால், முன்பு மன்னிக்கப்பட்ட பிழைகள் வெடித்த டயர்களாகவும் கவிழ்ந்த டிரெய்லர்களாகவும் வெளிப்பட்டன. இலகுவான டிரெய்லர் காற்று மிகுந்த டயரில் துள்ளும்போது, சக்கரம் ஒரு கணம் தரையை விட்டெழுவதும், இணைப்புக் கொக்கி தளர்வதும் மாட்டுவண்டிக்காரர் கண்டிராத ஆபத்துகள்.

சிறிய டிரெய்லருக்கு உரிய அழுத்தத்தைக் காணும் முறை இந்த வரலாற்றின் எல்லாப் படிகளையும் தன்னுள் கொண்டது. முதலில் டிரெய்லரைப் பாரத்தோடு எடைமேடையில் ஏற்ற வேண்டும். ஆலைகளிலும் நெல் மண்டிகளிலும் எடைமேடைக்குக் குறைவில்லை. எடுத்துக்காட்டாக, டிரெய்லர் 150 கிலோ, பாரம் 250 கிலோ எனில், கொக்கியில் விழும் சிறு பங்கைப் பொருட்படுத்தாமல் விட்டால் சக்கரத்துக்கு 200 கிலோ. டயர் 36 பவுண்டில் 375 கிலோ தாங்குமென்று தயாரிப்பாளர் குறித்திருந்தால், தேவையானது பாதியைச் சற்றே தாண்டிய பாரத்திறன். விகிதப்படி 19 அல்லது 20 பவுண்டு வருகிறது. இது தோராயக் கணக்கு. டயரின் விளிம்பு சக்கரத் தொட்டியில் கழலாமல் அமர்ந்திருக்கக் குறைந்தபட்சக் காற்று தேவை என்பதாலும், ஒரு பக்கமாகப் பாரம் சாயும் நாட்கள் உண்டு என்பதாலும் இரண்டு மூன்று பவுண்டு கூட்டி 22 அல்லது 23 வைப்பது நன்று. அதே டிரெய்லரில் 500 கிலோ ஏற்றினால் சக்கரத்துக்கு 325 கிலோ ஆகி, 32 பவுண்டுக்குக் குறையாமல் வேண்டும். தயாரிப்பாளரின் பார அட்டவணை கிடைத்தால் அதுவே இறுதி. இந்திய டயர் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு வெளியிடும் அளவைகளும் இவ்வகையான அட்டவணைகளே.

கணக்கு சரியா என்பதைத் தரையே சொல்லிவிடும். பாரம் ஏற்றிய டிரெய்லரின் டயரில் குறுக்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்து நேராகச் சில அடி உருட்டினால், கோடு முழு அகலத்துக்கும் சமமாக அழிவது ஏற்ற அழுத்தம். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சேலியமேட்டு வயல்பாதையின் ஈரமண்ணில் பதியும் தடத்தைக் குனிந்து பார்ப்பவருக்குச் சுண்ணாம்பும் வேண்டியதில்லை. அளப்பதற்கு உரிய நேரம் வண்டி ஓடாமல் நின்ற விடியற்காலை. வெப்பம் ஐந்தரை டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பவுண்டு ஏறும் என்பதால், கத்திரி வெயிலில் தார்ச்சாலையில் ஓடிவந்த டயர் காட்டும் எண் நான்கைந்து பவுண்டு பொய்யாக இருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுபவர் மறுநாள் காலை குறைந்த காற்றோடு பாரம் ஏற்றுகிறார்.

2005இல் வந்த டாட்டா ஏஸ், மக்கள் வழக்கில் குட்டி யானை, டயர் வண்டியின் வேலையையும் டிரெய்லரின் வேலையில் பாதியையும் எடுத்துக்கொண்டது. தொழிற்சாலையில் பிறந்த வாகனத்துக்கு முன்சக்கரத்துக்கு எவ்வளவு, பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்ற அழுத்த அளவைத் தயாரிப்பாளரே எழுதித் தந்துவிடுகிறார். வெல்டிங் பட்டறையில் செய்த டிரெய்லருக்கு அத்தகைய ஏடு கிடையாது. அது பஞ்சர் கடையில் நிற்கும்போது, எத்தனை பவுண்டு வைக்கட்டும் என்று கடைக்காரர் கேட்பதற்கு முன்னால் இன்றைக்கு என்ன ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.